சாந்தினி சௌக் கடைவீதி: ஐந்துக்கு மூன்றரை

டெல்லி மயூர் விஹாரில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். சாந்தினி சௌக் போவதென்றால் கல்யாண ஜவுளி எடுக்க வேண்டும், இல்லை ஊரிலிருந்து யாராவது வந்து செங்கோட்டை பார்க்கணும் என்று கேட்க வேண்டும். ஒருமுறை போய் கார், ஆட்டோ, கைவண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, தலைக்கு மேல் சிக்கலாகத் தொங்கும் மின்கம்பிகளைப் பார்த்துப் பயந்துகொண்டே நடந்துவிட்டு வந்தால், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தோன்றாது.

2021 செப்டம்பரில் இந்த வீதியைப் புதுப்பித்துத் திறந்தார்கள். செங்கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது, சைக்கிள் ரிக்‌ஷா மட்டும் போகலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லாததால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் சென்னையிலிருந்து அத்தை வந்தார், வயது 71, முழங்கால் வலி வேறு. அவரோடுதான் போனேன்.

மண்டி ஹவுஸில் மாறி லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினோம். வீதிக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது சத்தம்தான், ஹாரன் இல்லாத சத்தம். கௌரி சங்கர் கோவில் மணி காதில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி சீஸ்கஞ்ச் குருத்வாராவின் கீர்த்தனை கேட்கிறது, நடுநடுவே ரிக்‌ஷாக்காரரின் கிணிங் கிணிங். கம்பியெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டதால் நிமிர்ந்து பார்த்தால் பழைய மாடிகளும் பால்கனிகளும் தெரிகின்றன. இத்தனை வருஷமாக நான் இங்கே தரையையும் அடுத்தவர் முதுகையும்தான் பார்த்திருக்கிறேன் போல.

ஷாஜகானின் மகள் ஜஹனாரா 1650 வாக்கில் அமைத்த கடைவீதி இது, அப்போது நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது, அதன் குளத்தில் நிலா தெரிந்ததால்தான் இந்தப் பேர் (சாந்தினி என்றால் நிலவொளி) என்று அத்தைக்குச் சொன்னேன். “அந்த வாய்க்கால் இருந்த இடத்துலயா இப்போ கரண்ட் பெட்டி வெச்சிருக்காங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

குறைக்கு வருகிறேன். உட்கார இடமில்லை. கல்லில் இருக்கை மாதிரி சில இடங்களில் செய்திருக்கிறார்கள், ஆனால் நாங்கள் பார்த்ததில் பாதியின் மேல் துணி மூட்டை, மீதியில் பெல்ட்டும் சாக்ஸும் பரப்பி வியாபாரம். “நம்ம பாண்டி பஜார்ல நடைபாதையில உட்காரலாமே” என்று அத்தை கேட்டார், நியாயம்தான், ஆனால் அங்கே பக்கத்திலேயே வண்டி ஓடும், இங்கே வீதி முழுக்க நமக்கு. முழங்கால் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்காது இல்லையா. கடைசியில் குருத்வாராவில் தலையில் துணி போட்டுக்கொண்டு, கால் கழுவி, உள்ளே போய் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூர் 1675இல் உயிர்விட்ட இடம் அது. யாரும் எதுவும் கேட்கவில்லை, லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்தில், ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். வீதி தராத இளைப்பாறலை குருத்வாரா தந்தது.

இன்னொன்று, தடைதான் இருக்கிறதே தவிர பக்கத்துச் சந்துகளிலிருந்து பைக் வந்துகொண்டேதான் இருக்கிறது. மூன்று தடவை அத்தையை இழுத்து ஓரமாக நிறுத்தினேன். ரிக்‌ஷா கூலியை ஏறும் முன்னே பேசிக்கொள்ளுங்கள், எங்களிடம் ஒருவர் முதலில் 300 சொல்லி அப்புறம் 80க்கு இறங்கினார். வெயில் காலத்தில் பகலில் போகாதீர்கள், நிழல் குறைவு, தரைக்கல் சுடும்.

தரீபா கலான் முனையில் ஜிலேபி சாப்பிட்டோம், நெய் வாசனை தூக்கலாக இருந்தது, ரொம்ப இனிப்பு. பராட்டா சந்துக்குள் கூட்டம் தாங்காமல் திரும்பிவிட்டோம். அத்தை ஒரு கொலுசு எடுத்தார், பேரம் பேசியது நான், பாராட்டு கடைக்காரருக்கு.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் வாங்க நினைப்பவர்கள் அன்று போக வேண்டாம். அத்தை அடுத்த முறைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், கூடவே ஒரு மடக்கு நாற்காலியும்.