கூட்டுப் பாதைக்குள் மேற்படியும் வடிவங்கள்: எந்த வழியில் திருத்துவது?

வரைகலை மென்பொருளில் இரண்டு வட்டங்களைப் பாதி மேற்படியும்படி வைத்துக் கூட்டுப் பாதையாக்குகிறோம், அதாவது இரண்டின் கோடுகளையும் ஒரே வடிவமாகச் சேர்க்கிறோம். மேற்படிந்த இடம் சில நேரம் ஓட்டையாகிறது, சில நேரம் நிறத்தோடு நிற்கிறது. இதைத் தீர்மானிப்பது நிரப்பு விதி. ஒற்றை-இரட்டை விதி, ஓர் இடத்திலிருந்து வடிவத்துக்கு வெளியே போகும்போது கடக்கும் கோடுகளை மட்டும் எண்ணும்: இரண்டு என்றால் வெற்றிடம், மூன்று என்றால் நிறம். சுழியமல்லா விதி பாதையின் திசையைக் கணக்கிடும்: இரு வட்டங்களும் ஒரே திசையில் சுற்றினால் நிறம், எதிரெதிராகச் சுற்றினால் ஓட்டை. எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பு வகையில் எதுவும் குறிப்பிடாவிட்டால் இந்த இரண்டாவது விதிதான்.

ஆகவே முதல் வழி, பாதையைப் பிரிக்காமல் உள்ளேயே திருத்துவது. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் குழுத் தேர்வுக் கருவியால் உள்வடிவத்தை மட்டும் பிடித்து நகர்த்தலாம், பண்புகள் பலகத்தில் திசையைத் திருப்பலாம். இங்க்ஸ்கேப் மென்பொருளில் கணுக் கருவியும் ஷிஃப்ட்-ஆர் விசையும் போதும். சிறு மாற்றத்துக்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் ஒற்றை-இரட்டை விதி இருக்கும்வரை திசையை எத்தனை முறை திருப்பினாலும் எதுவும் மாறாது. இது தெரியாமல் நான் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

இரண்டாவது, பிரித்துத் திருத்தி மறுபடி சேர்ப்பது. எனக்குப் பிடிக்காத வழி. பாதையாக மாற்றிய ‘இ’ எழுத்தை இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-கே கொண்டு உடைத்தால் உள்ளிருக்கும் ஓட்டைகளும் நிறம் பூசிக்கொண்டு தனி வடிவங்களாக வந்து நிற்கும். ‘பாதையைப் பிளத்தல்’ கட்டளை ஓட்டைகளைக் காப்பாற்றுகிறது என்பது சிறு ஆறுதல்.

மூன்றாவது, உயிருள்ள கூட்டு வடிவம். இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டர் பலகத்தில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வடிவப் பொத்தானைச் சொடுக்கினால், ஒவ்வொரு துண்டும் சேர்த்தல், கழித்தல் என்ற தன் குணத்தோடு அப்படியே இருக்கும். அஃபினிட்டி டிசைனர் மென்பொருளிலும் இதே ஆல்ட் உத்திதான். கழித்த வட்டத்தை நாளைக்கும் நகர்த்தலாம். வாடிக்கையாளர் மூன்றாம் முறையாக மனம் மாறும்போதுதான் இதன் அருமை புரியும். மொத்தத்துக்கும் ஒரே நிறம்தான் என்பது இதன் குறை.

நான்காவது வழியான வடிவம் கட்டும் கருவி இல்லஸ்ட்ரேட்டருக்கு 2010-இலும், இங்க்ஸ்கேப்புக்கு 2023-இல் 1.3 பதிப்போடும் வந்தது. மேற்படிந்த துண்டுகளை இழுத்துச் சேர்க்கலாம், வேண்டாததை நீக்கலாம். கண்ணுக்குத் தெரிவதே கிடைக்கும். ஆனால் வேலை முடிந்தபின் மூல வட்டங்கள் இல்லை.

திரைக்கான வேலை என்றால் நான் மூன்றாவதிலேயே கடைசிவரை இருப்பேன். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் கோப்பு வேறு கதை. நிரப்பு விதி நிறத்தை மட்டுமே ஆளும். கத்தி கோட்டைத் தொடரும். திரையில் ஒரே உருவாகத் தெரியும் இரு வட்டங்களின் உள்வளைவுகளையும் அது வெட்டிவிடும். அங்கே மூல வடிவங்களின் ஒரு நகலைத் தனியே வைத்துவிட்டு, நான்காவது வழியாலோ ஒன்றிணைத்தல் கட்டளையாலோ உள்கோடுகளை நீக்கிய பிறகே கோப்பை அனுப்புகிறேன்.