வீட்டுக் கடன்: ஃபைனான்ஸ் கம்பெனியா, வங்கியா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் வலை, கயிறு, மிதவை விற்கிற கடை என்னுடையது. உச்சிப்புளிப் பக்கம் வீடு கட்ட 2022 பிப்ரவரியில் 20 லட்சம் கடன் வாங்கினேன். முதலில் ஒரு வீட்டுக் கடன் ஃபைனான்ஸ் கம்பெனியில். 28 தவணை கட்டிய பிறகு, 2024 ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு அதை ஒரு பொதுத்துறை வங்கிக்கு மாற்றினேன். இரண்டு இடத்திலும் கை நனைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு வங்கிப் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

கம்பெனிக்கு ஏன் போனேன் என்று கேட்டால், வேறு யாரும் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது வருமான வரிக் கணக்கே கிடையாது. படகுக்காரர்கள் சீசனில் மொத்தமாக எடுப்பார்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடையில் ஈ ஓட்டுவேன். இந்த வரவை வங்கியில் காட்டினால் மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கம்பெனி ஆளோ கடைக்கே வந்தார். ஸ்டாக்கைப் பார்த்தார், கடன் நோட்டைப் புரட்டினார், பக்கத்து ஐஸ் கடையில் என்னைப் பற்றி விசாரித்தார். பத்தே நாளில் கடன் வந்துவிட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மற்ற வசதிகளை ஒப்பிட ஒன்றுமில்லை. ஆப் இரண்டிலும் இருக்கிறது, தவணை இரண்டிலும் கணக்கிலிருந்து தானாகப் போகிறது, கடனோடு இன்சூரன்ஸையும் தலையில் கட்டப் பார்ப்பது இரண்டிலும் உண்டு.

வித்தியாசம் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது நான் பார்த்தது 8.5 சதவீதம் என்ற எண்ணை மட்டும்தான். 20 வருடத்துக்கு மாதத் தவணை 17,356 ரூபாய்.

வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற மிதவை வட்டி (அவ்வப்போது ஏறி இறங்குகிற வட்டி) வீட்டுக் கடனை வெளி அளவுகோல் ஒன்றோடு கட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்டது ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியை. ரெப்போவுக்கு மேல் வங்கி தன் பங்குக்கு வைக்கிறதை ஸ்ப்ரெட் என்கிறார்கள். ரெப்போ மாறினால் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் மாறியாக வேண்டும். ஸ்ப்ரெட்டை நினைத்தபோது ஏற்ற முடியாது. ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்த உத்தரவு இல்லை. அவர்கள் தாங்களே ஒரு அடிப்படை விகிதம் வைத்துக்கொள்கிறார்கள். அது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவர்கள் கையில்.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியது. வங்கியில் இருந்திருந்தாலும் எனக்கு ஏறியிருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி என் வட்டியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. தவணைத் தொகை மாறாததால் நான் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஜி.எஸ்.டி. வேலைக்காக ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்தபோதுதான் பார்த்தேன். ஒரு வருடம் கட்டியாயிற்று, மீதி 228 தவணை இருக்க வேண்டும். தாளில் 340-க்கு மேல் இருந்தது. அதாவது இன்னும் 28 வருடம். எனக்கு அப்போது வயது 37.

சந்தேகமிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 16,667. நான் கட்டுவது 17,356. அசலில் விழுவது 700 ரூபாய் கூட இல்லை. 10.5 ஆகியிருந்தால் வட்டியே 17,500, தவணை வட்டிக்கே காணாது. வங்கிக்கு மாறிய அன்று கூட்டிப் பார்த்தேன்: 28 மாதத்தில் கட்டியது 4 லட்சத்து 85 ஆயிரம், அசலில் குறைந்தது சுமார் 50 ஆயிரம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிற மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது.

இப்படித் தவணைக் காலத்தைச் சொல்லாமல் நீட்டக் கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று நம்மைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் சொல்லிவிட்டது. நான் மாட்டியது அதற்கு முன்னால்.

மாறுவதற்குச் செலவு உண்டு. மிதவை வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது, அதனால் கம்பெனி எதையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் புது வங்கிக்கு பிராசஸிங் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், பழைய அடமானத்துக்கு ரசீது, புதிதாக எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று எனக்கு 35 ஆயிரம் பக்கம் ஆனது. இடையில் இரண்டு வருடம் ஒழுங்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துவைத்திருந்தேன், இல்லாவிட்டால் இந்த முறையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நம் கரையில் இன்னொரு கேள்வியும் வரும். வங்கி வக்கீல் பட்டாவையும் 30 வருட வில்லங்கத்தையும் பார்த்ததோடு விடவில்லை, இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். என் இடம் ரயில் பாதைக்குத் தெற்கே உள்ளடங்கி இருந்ததால் தப்பித்தேன். கம்பெனி ஆள் இதைக் கேட்கவே இல்லை.

வங்கியில் என் ஸ்ப்ரெட் 2.25. ரெப்போ 6.5 இருந்தபோது வட்டி 8.75, தவணை 18,100. வெறும் ஒன்றேகால் சதவீதத்துக்காகவா இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் கேட்டார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ 5.25-க்கு இறங்கியது. நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, குறுஞ்செய்தி வந்தது, வட்டி 7.5 ஆனது. தவணையைக் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது மாதம் 6,000-க்கு மேல் அசலில் விழுகிறது.

அதே கம்பெனியில் என் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கிய மச்சான் ஒருவர் தங்கச்சிமடத்தில் இருக்கிறார். "மாப்ள, ரேடியோவுல வட்டி குறைஞ்சுருச்சுன்னு சொல்றான், எனக்கு ஒண்ணையும் காணோமே" என்றார். அவருக்கு இன்னும் 10.75. விசாரித்ததற்கு, புது வாடிக்கையாளருக்குத்தான் குறைந்த வட்டி, பழையவர் மாற்றுக் கட்டணம் கட்டினால் குறைத்துத் தருகிறோம் என்றார்களாம். கட்டணம் கட்டுவது சில சமயம் கடனை வேறு வங்கிக்கு மாற்றுகிற டேக்ஓவரைவிடச் சல்லிசு, தவணைகள் கொஞ்சமே மீதி என்றால் நானும் அதைத்தான் செய்வேன். அவருக்கு இன்னும் 16 வருடம் இருக்கிறது.

தனியார் வங்கிகளைப் பற்றி என்னிடம் அனுபவம் இல்லை. கீழக்கரையில் வளைகுடா சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குகிறவர்கள் கதையும் வேறு, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வரிக் கணக்கு இல்லை, நத்தம் இடம், கூரை மழைக்குத் தாங்காது என்றால் கம்பெனியில் வாங்குவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வாங்கும்போது முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து அதைக் கொடுத்தாக வேண்டும், கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி அதில் இருக்கும். அன்றைக்கே வரிக் கணக்கையும் தொடங்கிவிடுங்கள்.

மச்சானின் மூலப் பத்திரம் கம்பெனியில் இருக்கிறது. கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வங்கிக்கு மாற அவருக்குத் தைரியம் வந்தது. வில்லங்கச் சான்றுக்குப் போட்டு வைத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.