செண்டுமல்லிச் சரம் வாங்கும் முன் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள்

போன ஆவணியில் என் தங்கைக்குத் திருமணம். அலங்காரத்தை நாமே செய்துவிடலாம் என்று இறங்கி, இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கத்தை நம்பி 9,400 ரூபாயை இழந்தேன். பணத்தைவிட, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற அந்தச் சாயங்காலம்தான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த முகூர்த்த மாதங்களுக்கு யாராவது இதே வேலையில் இறங்கியிருந்தால், முன்பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மண்டபம் மதுரைப் பக்கம் திருமங்கலத்தில். மணவறைக்கும் வாசலுக்கும் சேர்த்து அலங்காரக்காரர் 65,000 கேட்டார். நகை, சாப்பாடு போக எங்களிடம் அலங்காரத்துக்கு என்று இருந்தது 15,000தான். சித்தி மகள்கள் இரண்டு பேர், நான், அம்மா என்று பூக்கட்டத் தெரிந்த கைகள் வீட்டில் நிறைய. மணவறைக்குப் பின்னால் வெள்ளைத் துணித் திரை, அதன்மேல் ஆரஞ்சும் மஞ்சளுமாகச் செயற்கைச் செண்டுமல்லிச் சரங்கள். திட்டம் இவ்வளவுதான். மதுரை விளக்குத்தூண் பக்கம் போய் 22 மீட்டர் வெள்ளைத் துணி வாங்கிவிட்டோம்.

சரங்களை மட்டும் இணையத்தில் தேடினேன். ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பின்தொடர்பவர்கள் பல ஆயிரம் பேர், படங்கள் எல்லாம் அவ்வளவு அழகு. 5 அடிச் சரம் 48 ரூபாய். 120 சரம் 5,760. திரை மாட்ட 8 அடிக்கு 8 அடி இரும்புச் சட்டம் 3,200. கூரியர் 440. "அக்கா, முகூர்த்த சீசன் அக்கா, நாளைக்கு இந்த ரேட்டு இருக்காது, முழுசாப் போட்டீங்கன்னா இன்னிக்கே அனுப்பிடுவோம்" என்று ஒரு பெண் குரல் பதிவு அனுப்பினார். நல்ல தன்மையான குரல். வீட்டுக்கு வந்தபின் பணம் தரும் வசதி இல்லை என்றார். சரி என்று யுபிஐயில் முழுத் தொகையையும் போட்டேன். கணக்கில் வந்த பெயர் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர். அதைப் பார்த்தேன், பார்த்தும் அழுத்தினேன். ரசீது கேட்டதற்கு, பார்சலுக்குள் இருக்கும் என்றார்கள்.

பதினேழு நாள் கழித்துப் பார்சல் வந்தது. உள்ளே ரசீது இல்லை. எண்ணினால் 74 சரம்தான். டேப் வைத்து அளந்தால் ஒவ்வொன்றும் மூன்றரை அடி. 600 அடிக்குப் பணம் கொடுத்து 259 அடி வாங்கியிருக்கிறேன். இரும்புச் சட்டம் என்று சொன்னது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். துணியை மாட்டியதும் நடுவில் வளைந்துவிட்டது.

இருப்பதை வைத்து எப்படி இருக்கும் என்று பார்க்க, மொட்டைமாடியில் கயிறு கட்டி வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, மேலே சரங்களை மாட்டினோம். இருட்டும் நேரம் லேசாகத் தூறல். கால் மணி நேரம்கூட இருக்காது. பூவிலிருந்து ஆரஞ்சுச் சாயம் வடிந்து துணி முழுக்கக் கோடு கோடாக இறங்கிவிட்டது. அம்மா எலுமிச்சை, சோப்பு, வெயில் எல்லாம் பார்த்தார். போகவில்லை. அந்தத் துணியும் போனது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இதை மணவறையில் மாட்டியிருந்தால் கீழே பட்டுப்புடவையில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள், எதிரில் ஹோமம் எரிந்துகொண்டிருக்கும். எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் எங்கள் மாமா ஒரு பூவைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். சுருங்கி, உருகி, எரிந்த துளியாகத் தரையில் சொட்டியது. பாலியஸ்டர் துணி அப்படித்தான் எரியும். நல்ல கடையில் வாங்கிய செயற்கைப் பூ என்றாலும் ஹோமகுண்டத்துக்கு அருகிலும், சூடாகும் போகஸ் விளக்குக்கு அருகிலும் தயவுசெய்து மாட்டாதீர்கள். ஏமாறாமல் இருந்திருந்தால் இதை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம் என்பது எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்குப் படங்களை அனுப்பினேன். முதலில் "பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேணும்" என்றார்கள். இல்லை என்றதும் "அப்ப எங்க பொறுப்பு இல்லை அக்கா". இரண்டாவது முறை எழுதியபோது என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

இந்த வீடியோ நிபந்தனையைப் பலரும் சட்டம் என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. இணையத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனம் தன் சட்டப்பூர்வமான பெயரையும் முகவரியையும் குறைகேட்கும் அலுவலரின் தொடர்பு விவரத்தையும் வெளியே காட்ட வேண்டும். நான் வாங்கிய பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பணம் போடும் முன் நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். ஆனாலும் வீடியோ எடுத்து வையுங்கள், பின்னால் ஆதாரமாக உதவும்.

நான் செய்த பெரிய தவறு தாமதம். இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்கு முன் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நான் அழைத்தபோது பணம் போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள், பணம் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தேன். முகவரியே இல்லாத ஆளுக்கு அவர்கள் எங்கே கடிதம் அனுப்புவார்கள்? முகவரி உள்ள கடை உங்களை ஏமாற்றினால் நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதனால் ரசீதில் முகவரி இல்லாத இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள். முழுப் பணம் கேட்டால் முதலில் ஒரே ஒரு சரம் விலைக்கு வாங்கி, அளந்து, ஒரு ராத்திரி வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவையுங்கள். ஒரு சரம் அனுப்ப மாட்டேன் என்பவரிடம் நூறு வாங்க வேண்டாம்.

கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். திரைக்குப் பாட்டிதான் வழி சொன்னார். உறவில் இருந்த பெண்களிடம் பழைய சுங்குடிச் சேலைகள் பதினொன்று வாங்கினோம். பல வருடம் துவைத்துச் சாயம் நின்ற சேலைகள். கொசுவம் வைத்து, வாடகைக்கு எடுத்த இரும்புக் குழாயில் வரிசையாகத் தொங்கவிட்டோம். பச்சை, அரக்கு, கத்திரிப்பூ நிறம் என்று புள்ளி புள்ளியாக அது விழுந்த அழகு அந்த வெள்ளைத் துணிக்கு வந்திருக்காது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதிகாலை போய் நிஜச் செண்டுமல்லி 25 கிலோ, கிலோ 60 ரூபாய்க்கு எடுத்தோம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எட்டாத உயரத்துக்குப் போகும், செண்டுமல்லி அவ்வளவு ஏறாது. தண்ணீர் இல்லாமலும் ஒரு நாள் தாங்கும். வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம், பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவர் முந்தின நாள் மாலை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பின்னிக் கொடுத்தார். (மண்டபத்தில் வெளியாட்கள் செய்யும் அலங்காரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, சுவரில் ஆணி அடிக்கலாமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். எங்களிடம் கடைசி நேரத்தில் 5,000 கேட்டார்கள்.)

போன மாதம் என் சித்தி மகள் தன் தோழி கல்யாணத்துக்காக ஒரு குரல் பதிவைக் கேட்கச் சொல்லி அனுப்பினாள். பக்கத்தின் பெயர் வேறு. படங்கள் அதே படங்கள். "முகூர்த்த சீசன் அக்கா, நாளைக்கு இந்த ரேட்டு இருக்காது" என்ற குரலும் அதேதான். அந்தத் தோழி பணம் அனுப்பவில்லை.