சூயஸா, பனாமாவா: எது நம்பகமான கல்லாப்பெட்டி?

வரைபடத்தில் பார்த்தால் சூயஸும் பனாமாவும் ஒரே வேலையை, அதாவது கப்பல்களுக்குக் கடலிலிருந்து கடலுக்குக் குறுக்குவழி தரும் வேலையைச் செய்யும் கால்வாய்கள்தான். ஆனால் ஒரு நாடு தன் வருமானத்துக்கு இவற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால், பதில் வேறு வேறு.

எகிப்தின் சூயஸ் 1869இல் திறக்கப்பட்டது. நீளம் 193 கிலோமீட்டர். வழியில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூடக் கிடையாது. கடல்நீர் தானாக உள்ளே வந்து நிற்கிறது. தூர்வாரிக்கொண்டே இருந்தால் போதும், தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சே இல்லை.

பனாமாவின் கதை அப்படி இல்லை. குறுக்கே மேட்டுநிலம். அதனால் கப்பலை மதகுத் தொட்டிக்குள் அடைத்து, நீர் நிரப்பி, படிப்படியாக 26 மீட்டர் உயரம் ஏற்றி, கதூன் ஏரியில் ஓடவிட்டு, அந்தப் பக்கம் இறக்குகிறார்கள். பம்பு எதுவும் இல்லை, ஏரி நீர் தன் எடையாலேயே பாய்கிறது. 1914இல் கால்வாய் திறந்தபோது இருந்த கணக்கு இன்னும் வேலை செய்வது ஆச்சரியம்தான். ஆனால் பழைய மதகுகளில் ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடும். 2016இல் திறந்த பெரிய மதகுகளில் பக்கத் தொட்டிகள் கட்டி 60 சதவீத நீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நாட்டில் பாதிப் பேருக்குக் குடிநீரும் கால்வாய்க்கு நீர் தரும் ஏரிகளிலிருந்துதான். குழாயும் கப்பலும் ஒரே குடத்தில் மொள்கின்றன.

சரி, சோதனை வந்தபோது என்ன ஆனது? 2023இல் பனாமாவில் மழை பொய்த்தது. நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 24 ஆகக் குறைத்தார்கள். வரிசையில் முந்துவதற்கு ஏலம்; ஒரு கப்பல் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது! அதே சமயம் சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில், யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. திருப்பூர் பனியன் ஐரோப்பா போய்ச் சேரவும் கூடுதலாக இரண்டு வாரம் பிடித்தது.

கல்லாவைப் பாருங்கள். சூயஸின் வருமானம் 2023இல் 1,000 கோடி டாலருக்கு மேல். 2024இல் சுமார் 400 கோடி. பனாமாவிலோ கப்பல் குறைந்தும் 2024 நிதியாண்டு வருமானம் முந்தைய ஆண்டைப் போலவே சுமார் 500 கோடி டாலர். தட்டுப்பாடே விலையை ஏற்றிவிட்டது. சூயஸுக்கு அந்த வழியும் இல்லை. பயந்து விலகிப் போகிறவனிடம் யார் ஏலம் விடுவது? யேமன் கரையில் நடப்பதை எகிப்தால் நிறுத்தவும் முடியாது.

அதனால் என் ஓட்டு பனாமாவுக்கு. அங்கே பிரச்சினையும் தீர்வும் அவர்கள் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. இந்தியோ ஆற்றில் புது அணை கட்டி ஏரிக்கு நீர் கொண்டுவரத் திட்டம், செலவு சுமார் 160 கோடி டாலர். ஆனால் அதற்காக இடம்பெயர வேண்டிய ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலும் விவசாயிகள், ஊரைவிட்டுப் போக மாட்டோம் என்று எதிர்த்து நிற்கிறார்கள்.