மூணு கலர் கடுவன் குட்டி, 35,000 ரூபாய்: புதுச்சேரியில் பூனை வாங்கிய அனுபவம்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்குள்தான் இருக்கிறது, மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டி, பூனைக்குட்டி என்று எல்லாம் விற்கிற நடுத்தரமான கடை. மூணு கலர் கடுவன் அரிது, அதனால் விலை அதிகம் என்று அங்கே கேட்ட அதே பேச்சை வேறு இரண்டு இடத்திலும், இன்ஸ்டாகிராமில் குட்டி விற்கிற ஒருவரிடமும் கேட்டுவிட்டேன். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூண்டுகள் சுத்தமாக இருந்தன, நாற்றம் இல்லை, குட்டிகளின் கண்ணில் பீளை இல்லை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றிலும் நிரம்பியிருந்தது. வேலை பார்க்கும் பையன் குட்டியைத் தூக்கும் விதத்திலேயே அவனுக்கு அதுகள் மேல் பாசம் இருப்பது தெரிந்தது. பூனை மணலும் தீவனமும் அங்கே விலை நியாயம், இன்னமும் அங்கேதான் வாங்குகிறேன்.

எங்கள் வீட்டில் பதினோரு வருடம் இருந்த பூனை தை மாதம் செத்துப்போனது. அம்மா ரொம்பவே ஒடிந்துபோய்விட்டார். வேறு குட்டி வாங்கலாம் என்றதும் அவர் போட்ட ஒரே நிபந்தனை, கடுவனாக இருக்க வேண்டும், பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடும், அத்தனையையும் எங்கே கொண்டுபோய் விடுவது என்று. இதைக் கடையில் சொன்னதுமே முதலாளி உள்ளே போய் ஒரு குட்டியை எடுத்து வந்தார். வெள்ளை உடம்பு, முதுகிலும் காதிலும் கறுப்பும் செவலையும் திட்டுத் திட்டாக.

"அண்ணே, இது காலிகோ. அதுலயும் ஆண். மூவாயிரத்துல ஒண்ணுதான் பொறக்கும். ஜப்பான்ல அதிர்ஷ்டம்னு கப்பல்ல ஏத்திட்டுப் போவாங்க. இதுக்கு ஆப்பரேஷன்கூடத் தேவையில்லை, மலடு."

35,000 கேட்டார். பேசிப் பேசி 18,000க்கு முடிந்தது. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் "பூனை 1" என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தடுப்பூசி பற்றிக் கேட்க ரெட்டியார்பாளையத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா வாலைத் தூக்கிப் பார்த்தார், பத்து விநாடிகூட ஆகியிருக்காது, "பெட்டைக் குட்டி தம்பி" என்றார்.

கடைக்காரர் சொன்ன தகவல்கள் பெரும்பாலும் சரிதான், அதனால்தான் நானும் நம்பினேன். பூனையின் செவலை நிறத்தை முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் செவலையும் இன்னொன்றில் கறுப்பும் வந்து சேரலாம். கரு வளரும்போது ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒரு எக்ஸ் அணைந்துவிடுகிறது, இதை 1961இல் மேரி லயன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். எது எங்கே அணைகிறது என்பதைப் பொறுத்துத் திட்டுகள் விழுகின்றன, வெள்ளை மட்டும் வேறு மரபணுவின் வேலை. கடுவனுக்கு இருப்பதோ ஒரே எக்ஸ், அதனால் கறுப்பு அல்லது செவலை, இரண்டில் ஒன்றுதான் வரும். மூன்று நிறமும் வர வேண்டுமானால் அது பெரும்பாலும் எக்ஸ் எக்ஸ் ஒய் என்று ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்திருக்க வேண்டும். மூவாயிரத்தில் ஒன்று என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு அதற்குத்தான். ஜப்பான் கதையும் பொய்யில்லை, 1956இல் புறப்பட்ட அவர்களுடைய முதல் அண்டார்டிகா ஆய்வுக் குழுவோடு டகேஷி என்ற மூன்று நிறக் கடுவன் போயிருக்கிறது.

ஆனால் அரிது என்பதால் விலை ஏறுமா? கடுவனுக்குப் பெரிய விலை கிடைப்பது அதை வைத்துக் குட்டி எடுக்கலாம் என்பதால். எக்ஸ் எக்ஸ் ஒய் கடுவன் அநேகமாக மலடு, அதை வைத்து வம்சம் எடுக்க வழியில்லை. "இந்த லைன் எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காலிகோ என்பது சாதியும் இல்லை, வெறும் நிறம். கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிய துணியின் பெயர் பூனைக்கு வந்திருக்கிறது. 2001இல் டெக்சாஸில் ஒரு காலிகோ பூனையை குளோனிங் செய்து குட்டி எடுத்தார்கள், அச்சு அசல் நகலான அதற்கே செவலை நிறம் வரவில்லை. வைத்திக்குப்பம் பக்கம் படகடியில் போய்ப் பாருங்கள், மூணு கலர் பெட்டைகள் மீன் தலைக்காகக் காத்திருக்கும்.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் வந்தது அந்த "ஆப்பரேஷன் தேவையில்லை" என்ற வார்த்தைக்குத்தான். பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே, சிலது நாலு மாதத்திலேயே சூட்டுக்கு வந்துவிடும். மலட்டுக் கடுவன் என்று நம்பி மாடிக்கும் தெருவுக்கும் விட்டிருந்தால், ஒன்பது வாரத்தில், தானே இன்னும் வளர்ந்து முடிக்காத அது, குட்டி போட்டுக் கிடந்திருக்கும். நிஜமான மூன்று நிறக் கடுவனுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது, மலடாக இருந்தாலும் விதை எடுக்காவிட்டால் அது மூத்திரம் பீய்ச்சி எல்லை குறிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

திரும்பக் கடைக்குப் போனேன். "சின்னக் குட்டியில தெரியாது அண்ணே" என்றார். தெரியும். வாலைத் தூக்கினால் ஆசனவாய்க்குக் கீழே ஒட்டினாற்போல் நெட்டாக ஒரு கீறல் இருந்தால் பெட்டை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு வட்டமாகப் புள்ளி இருந்தால் கடுவன். எட்டு வாரக் குட்டியில் இது நன்றாகவே தெரியும். மாற்றாக ஒரு வெள்ளைக் கடுவனைத் தருவதாகச் சொன்னார், அதற்குள் இந்தக் குட்டி அம்மாவின் புடவை மடிப்பில் தூங்கப் பழகிவிட்டது, எப்படித் திருப்பிக் கொடுப்பது? அரைமணி நேரம் வாதாடியதில் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. கத்தாமல் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். போன வாரம் மணல் வாங்கப் போனபோது வேறொரு மூணு கலர் குட்டியைக் காட்டி ஒரு கணவன் மனைவியிடம் அதே மூவாயிரக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர்களிடம் வாலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன், அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தீவனத்துக்கும் சுத்தத்துக்கும் 5க்கு 4, குட்டி விற்பனைக்கு 1. வாங்கியே தீர வேண்டும் என்றால் ஆணா பெண்ணா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிப்படி விலங்கு நல வாரியப் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நிறக் கடுவன் என்று அடித்துச் சொன்னால், பணம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

குட்டிக்கு அம்மா செவ்வந்தி என்று பெயர் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் கருத்தடைக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.