கைபேசியில் பிஎஸ்பி 'ஃபுல் செட்' போட்டுத் தரும் கடைகள்: எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கத்திலிருந்து மலையைக் கடந்து கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை போய்ப் பொருள் வாங்கி வருவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த வழியில் உள்ள ஒரு கைபேசிக் கடை, பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியைக் கைபேசியிலேயே இயங்கும்படி 'ஃபுல் செட்' போட்டுத் தருவதாகச் சொல்லி என் அக்கா மகனை ஏமாற்றியிருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எந்தெந்த வழியில் பணம் பறித்தார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன்; விடுமுறைக் காலங்களில் இதே செட்டை எல்லையின் இரு பக்கத்திலும் வேறு கடைகளும் விற்பதைப் பார்த்துவருகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, அவர்கள் விற்கும் முக்கியப் பொருள் இலவசமானது என்பது. கைபேசியில் பிஎஸ்பி விளையாட்டுகளை இயக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் எமுலேட்டர், அதாவது ஒரு கருவியைப்போல இன்னொரு கருவியை நடக்கவைக்கும் மென்பொருள், பிபிஎஸ்எஸ்பிபி. ஹென்ரிக் ரிட்கோர்டு என்ற நிரலாளர் 2012 நவம்பரில் வெளியிட்ட இந்தச் செயலிக்கு அன்றும் இன்றும் விலை கிடையாது. அதன் மூல நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. 'கோல்டு' என்று காசு கொடுத்து வாங்கும் பதிப்பு ஒன்றும் உண்டு. உருவாக்குகிறவர்களுக்கு ஆதரவாகத் தரும் பணம் அது. வேலை இரண்டிலும் ஒன்றுதான். வேறு சில எமுலேட்டர்களுக்குத் தேவைப்படும் பயாஸ் கோப்பும் (அசல் கருவியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) இதற்கு வேண்டியதில்லை. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, விளையாட்டுக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஆப்பிள் நிறுவனம் 2024-இல் எமுலேட்டர்களை அனுமதித்த பிறகு ஐபோனின் ஆப் ஸ்டோரிலும் இது கிடைக்கிறது. இவ்வளவு எளிய வேலைக்குத்தான் அந்தக் கடையில் 2,300 ரூபாய் வாங்கினார்கள்.

அக்கா மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அத்தான் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த பிஎஸ்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. கூடவே வட்டு விளையாட்டுகள் சிலவும் உண்டு. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களின் சேமிப்பெல்லாம் அதன் மெமரி ஸ்டிக்கில்தான் இருந்தது. பேட்டரி உப்பிப்போய்க் கருவி எழவில்லை. அந்தச் சேமிப்போடு கைபேசியில் தொடர்ந்து ஆட வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. கடைக்காரர் பிஎஸ்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு, போர்டு போயிருக்கு, இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். பழைய சேமிப்பை எடுத்துக் கைபேசியில் ஏற்றித் தருவதாகச் சொல்லி அதற்குத் தனியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். 256 ஜிபி மெமரி கார்டு, அதில் 600 விளையாட்டுகள், 'கோல்டு லைசென்ஸ்' செயலி, சேமிப்பு மாற்றம் ஆகிய நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேட்டதற்கு, பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கைபேசி கொதித்தது. அரைமணி நேரம் ஆடினால் கையில் பிடிக்க முடியாத சூடு, படமும் திக்கித் திக்கி ஓடியது. திரும்பப் போய்க் கேட்டபோது, "கேம் ஆடினா போன் சூடாகத்தான் செய்யும்" என்று சொல்லி, பின்புறம் மாட்டும் குளிர்விக்கும் விசிறி ஒன்றை 650 ரூபாய்க்கு விற்றார்கள். இதன் உண்மைக் காரணத்தை நான் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது கண்டேன். பிஎஸ்பியின் திரை 480க்கு 272 புள்ளிகள் கொண்டது. எமுலேட்டரில் அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கிக் காட்ட வழியுண்டு. அந்தக் கடையில் ஐந்து மடங்கில், அதாவது 2400க்கு 1360 புள்ளிகளில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். நடுத்தர விலைக் கைபேசியின் கிராபிக்ஸ் சில்லு அந்தச் சுமையைத் தாங்காது. இரண்டு மடங்குக்குக் குறைத்து, கிராபிக்ஸ் இயக்கத்தை அமைப்புகளில் உள்ள வல்கன் என்ற முறைக்கு மாற்றியதும் சூடு வெகுவாகத் தணிந்தது, திக்கலும் நின்றது. விசிறி இன்னும் அதன் பெட்டியில் கிடக்கிறது.

மெமரி கார்டு விஷயம் இதைவிட மோசம். பட்டியலில் 600 பெயர்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் பிஎஸ்பி விளையாட்டு ஒன்று சராசரியாக அரை ஜிபி என்று வைத்துக்கொண்டாலும் 600-க்கு 300 ஜிபி ஆகிவிடும். அது 256 ஜிபி கார்டில் எப்படிக் கொள்ளும்? கணினியில் போட்டு ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். 'ஜிடிஏ 5' என்றொரு கோப்பு, 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' என்றொரு கோப்பு, 'வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்' என்றொரு கோப்பு; மூன்றின் அளவும் கடைசி பைட் வரை ஒன்றாகவே இருந்தது. மூன்றையும் திறந்தேன், மூன்றிலும் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்தான் ஓடியது. ஜிடிஏ, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, என்ற அந்த விளையாட்டு வரிசையில் பிஎஸ்பிக்கு வந்தவை 2005-இல் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், 2006-இல் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ், 2009-இல் சைனாடவுன் வார்ஸ் ஆகியவை மட்டுமே. ஜிடிஏ 5 வெளிவந்தது 2013-இல், அதுவும் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும். பிஎஸ்பிக்கு அது வந்ததே இல்லை. பிஎஸ்பியின் யூஎம்டி வட்டு கொள்ளக்கூடியது ஏறத்தாழ 1.8 ஜிபிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பிஎஸ்பிக்கான ஜிடிஏ 5 என்று யார் எதைக் காட்டினாலும் அது பெயர் மாற்றிய வேறொரு கோப்பு, அல்லது பழைய விளையாட்டின் மேல் பூச்சு மாற்றியது.

பட்டியலின் பின்பாதியில் இருந்த கோப்புகள் பல திறக்கவே இல்லை. அதற்கும் காரணம் கார்டுதான். குறைந்த கொள்ளளவுள்ள கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு நிரலை மாற்றி, கைபேசியிலும் கணினியிலும் பெரிய கார்டைப்போலக் காட்டும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகும் கார்டு எழுதிக்கொள்வதுபோல நடிக்கும். கோப்பின் பெயர் தெரியும், உள்ளே எழுதியது இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அக்கா மகனின் கார்டில் அது 30 ஜிபிக்குச் சற்று முன்பாகவே பிழை காட்டத் தொடங்கியது. 32 ஜிபி கார்டை 256 என்று விற்றிருக்கிறார்கள். புதிய கார்டு எங்கே வாங்கினாலும் அதில் படமோ பாட்டோ விளையாட்டோ ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் சோதனை முழு கார்டையும் நிரப்பிப் பார்க்கும்.

ஆனாலும் எனக்கு உண்மையாகவே அச்சம் தந்தது அந்தச் செயலி. பிளே ஸ்டோரில் தேடினால் அவன் கணக்கில் கோல்டு வாங்கிய விவரமே இல்லை. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து, செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பாக ஏற்றியிருந்தார்கள். மூல நிரல் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் சரக்கைக் கலந்து கட்டி அனுப்பிவிட முடியும். அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும், அணுகல்தன்மை என்ற பெயரில் வரும் அனுமதியையும் வாங்கி வைத்திருந்தது. இரண்டாவது அனுமதியைப் பெற்ற செயலி திரையில் தெரிவதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். ஒரு எமுலேட்டருக்கு இவ்விரண்டும் எதற்கும் தேவையில்லை. இது போதாதென்று, 'ஆக்டிவேஷனுக்கு ஒரே ஒரு ரூபாய்' என்று சொல்லி அவனை யூபிஐ பின் எண்ணைப் போட வைத்திருக்கிறார்கள். அது ஒரு ரூபாய்க் கட்டணம் அல்ல. வாரந்தோறும் பணம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஆட்டோபே ஒப்புதல். ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைகளுக்கு அடுத்தடுத்த முறை பின் எண் கேட்காது. வாரம் 199 ரூபாய் வீதம் போய்க்கொண்டிருந்ததை அக்காதான் பாஸ்புத்தகத்தில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால் நம் பெயரில் உள்ள ஒப்புதல்கள் எல்லாம் தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். முதலில் அதைச் செய்தோம். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கி, வங்கிக்கும் எழுதிக் கொடுத்தோம். அதன் பின் கைபேசியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கினோம்.

கடைக்கு நானே நேரில் போய், துண்டுச் சீட்டையும் சோதனை முடிவையும் காட்டிப் பணத்தைக் கேட்டேன். கடைக்காரர் குரல் உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, கடை கேரளாவுல இருக்கு, நீங்க தமிழ்நாடு. கேஸ் போடணும்னா இங்கதான் வந்து அலையணும், பாத்துக்கோங்க" என்றார். எல்லைப் பக்கத்தில் வாழும் நம்மை இந்த ஒரு வார்த்தையால்தான் வாயடைக்க வைக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் அந்தப் பக்கத்து மக்களிடமும் இதையே சொல்கிறார்கள். இது பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகார்க் கட்டணமும் இல்லை. இணைய வழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யவும் முடியும். குற்றப் புகாரும் அப்படித்தான்: 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்க இடம் தருகிறது. இதையெல்லாம் நிதானமாகச் சொன்ன பிறகு கார்டுக்கும் விசிறிக்குமான பணத்தைத் தர முன்வந்தார். மற்றதற்கு அசையவில்லை, ஆகவே நம் மாவட்டத்துக்குரிய ஆணையத்தில் புகார் பதிந்திருக்கிறோம்.

சேமிப்பு மாற்றம் என்று 500 ரூபாய் வாங்கினார்களே, அதை அவர்கள் தொட்டிருக்கவே இல்லை. 'செத்துப்போன' பிஎஸ்பியின் பின்மூடியைத் திறந்து, உப்பிய பேட்டரியை மெதுவாக வெளியே எடுத்தேன். அப்படிப்பட்ட பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. பேட்டரி இல்லாமலேயே அதற்குரிய சார்ஜரைச் செருகி, பக்கத்துச் சுவிட்சைத் தள்ளியதும் பச்சை விளக்கு எரிந்து திரை வந்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, மெமரி ஸ்டிக்கில் பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'சேவ்டேட்டா' ஃபோல்டரை அப்படியே எடுத்து, கைபேசியில் பிபிஎஸ்எஸ்பிபி வைத்திருக்கும் அதே பெயருள்ள ஃபோல்டருக்குள் போட்டேன். அத்தான் ஷார்ஜா அறையில் உட்கார்ந்து பாதியில் நிறுத்திய கார்ப் பந்தயத்தை மகன் இப்போது தொடர்கிறான். விளையாட்டுகளும் வீட்டில் உள்ள வட்டுகளிலிருந்து எடுத்தவையே. கடைக்காரர் கொடுத்த கார்டிலிருந்த நகல்களை அவன் கைபேசியில் வைத்துக்கொள்ளவில்லை. பதிப்புரிமை பெறாத நகலை விற்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கும் அதே சட்டத்தின் 63பி பிரிவில் தண்டனை உண்டு. காசில்லாமல் ஆட வேண்டுமென்றால், ஆர்வலர்கள் தாங்களாகவே உருவாக்கி இலவசமாக விட்டிருக்கும் விளையாட்டுகளைச் செயலிக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

இப்படி ஒரு செட்டை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், சந்தேகத்துக்குரிய செயலியை நீக்குவதற்கு முன் 'சேவ்டேட்டா' ஃபோல்டரைக் கணினியில் பத்திரப்படுத்துங்கள். சில அமைப்புகளில் செயலியோடு அதுவும் அழிந்துவிடும். விளையாட்டுக்குள்ளேயே சேமித்தவை அசல் செயலியிலும் திறக்கும். எமுலேட்டரின் பட்டியலிலிருந்து நொடிப்பொழுதில் சேமித்தவை பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம், அதனால் முதலில் விளையாட்டுக்குள் ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டையும், பணம் அனுப்பிய யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும், கார்டையும் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். வாங்கி ஏமாந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போகலாம்.