அதிக விலை சொன்ன தரகரிடம் வீட்டைக் கொடுத்தேன்

வீடு விற்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நான் போட்டுவிட்டுப் புலம்புகிறேன்.

மூன்று தரகர்களை வரவழைத்தேன். முதல் இருவரும் கிட்டத்தட்ட ஒரே விலை சொன்னார்கள். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் வாசலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். "இதைப் போய் 100-க்கா? 120-க்குக் கீழே பேசவே பேசாதீங்க சார்" என்றார். காது குளிர்ந்தது. ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்து.

ஆதாரமாக ஒரு ஃபைல் காட்டினார். அக்கம்பக்கத்து வீடுகளின் விலைப் பட்டியல். எல்லாமே கேட்கிற விலை. கிரயம் முடிந்து பதிவான தொகை ஒன்றுகூட இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது அதை மட்டும்தான். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வீட்டின் விற்பனைப் பலகை எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துத் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

முதல் இரண்டு வாரம் ஆட்கள் வந்தார்கள். ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பவர்கள் புதிதாக விலைக்கு வந்த வீட்டை உடனே பார்த்துவிடுவார்கள். அந்தக் கூட்டம் திரும்ப வராது. 100 கையில் வைத்திருப்பவர் இணையத்தில் அந்த வரம்பு வைத்துத் தேடுகிறார், 120 போட்ட என் வீடு அவர் கண்ணிலேயே படவில்லை. 120 வைத்திருப்பவருக்கோ அந்த விலைக்கு இதைவிடப் பெரிய வீடு கிடைக்கிறது.

அப்புறம் ஃபோன் வரத் தொடங்கியது. "மார்க்கெட் டல் சார், கொஞ்சம் இறங்கி வாங்க." மூன்று முறை இறங்கி 104-க்கு வந்தேன். அதற்குள் வருகிறவர்களின் கேள்வியே மாறிவிட்டது. "இவ்வளவு நாளா ஏன் போகலை? ஏதாவது வில்லங்கமா?" ஒருவர் விரல் முட்டியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் 94-க்கு முடிந்தது. முதல் இரண்டு தரகர்கள் சொன்ன 100-ஐ வைத்துப் பார்த்தால் எனக்கு நஷ்டம் 6. கமிஷன் 2 சதவீதம் என்பதால் என் தரகருக்கு நஷ்டம் வெறும் 0.12. அவர் ஏன் எனக்காக மல்லுக்கட்டப் போகிறார்? 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பிறகுதான் படித்தேன். தரகர்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்கிறார்களாம். அவசரமெல்லாம் நம் வீட்டுக்குத்தான் போலிருக்கிறது.

சாவி கொடுத்த அன்று, வாங்கினவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவருடைய மச்சானும் இதே தரகர் மூலம்தான் அடுத்த தெருவில் வீடு வாங்கியிருக்கிறார். தரகர் முதலில் என் வீட்டுக்குக் கூட்டிவந்து 120 என்று சொல்லிவிட்டு, நேராக அந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அது 105.

"உங்க வீட்டைப் பார்த்துட்டுப் போனதால அது ரொம்ப சல்லிசாத் தெரிஞ்சுதாம் சார். அன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டான்."